தபால் தலையின் முதுகில் ஒரு வரலாறு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தபால் தலையைப் பற்றிப் பேச வருபவர்கள் பெரும்பாலும் அதன் முகத்தைப் பற்றியே பேசுவார்கள். எந்த மன்னரின் படம், எந்தப் பறவை, எந்த ஆண்டு, என்ன விலை என்று கணக்குச் சொல்வார்கள். இன்று நாம் அந்தத் தலையைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். அதன் முதுகில் இருப்பது பசை. நாவால் தொட்டால் இலேசாக இனிக்கும், சில நேரம் கசக்கும், ஈரம் பட்டால் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதானே என்று தோன்றலாம். ஆனால் அந்த மெல்லிய பூச்சு இல்லாவிட்டால் ஏழை எளியவர் ஊருக்குக் கடிதம் போடும் காலம் இன்னும் தள்ளிப் போயிருக்கும். அதே பசை, தபால் தலை சேகரிப்பவர்களை ஒன்றரை நூற்றாண்டாக ஆட்டிப் படைத்தும் வந்திருக்கிறது.

பணம் கட்டியது யார்?

1840ஆம் ஆண்டுக்கு முன் இங்கிலாந்தில் கடிதம் அனுப்புவது வசதி படைத்தவர்களின் காரியம். எவ்வளவு தூரம் போகிறது, எத்தனை தாள்கள் இருக்கின்றன என்று பார்த்துக் கட்டணம் போட்டார்கள். உறை என்று தனியாக ஒன்று வைத்தால் அதுவும் ஒரு தாளாகக் கணக்கில் சேர்ந்துவிடும். இதைவிட விசித்திரம், பெரும்பாலும் கட்டணத்தைக் கட்டியவர் அனுப்பியவர் அல்லர், பெற்றுக்கொண்டவர்தான்.

கடிதத்தைக் கொண்டுவரும் தபால்காரர் வாசலில் நின்று பணம் கேட்பார். கொடுக்க முடியாதவர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். சிலர் ஒரு தந்திரம் செய்தார்கள். மேலுறையில் ஏதேனும் ஓர் அடையாளம் இட்டுவிடுவார்கள். அதைப் பார்த்தாலே "நான் நலம்" என்று வீட்டாருக்குப் புரிந்துவிடும். பிறகு கடிதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் காசு மிச்சம்! அந்தக் கடிதத்தைச் சுமந்து வந்த செலவு தபால் இலாகாவின் தலையில் விழுந்தது.

இந்த நிலையை மாற்ற முன்வந்தவர் ரோலண்ட் ஹில். ஆசிரியராக இருந்தவர். 1837ஆம் ஆண்டில் தபால் சீர்திருத்தம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். நாட்டின் எந்த மூலைக்கும் ஒரே கட்டணம், அதுவும் ஒரு பென்னி, அனுப்புகிறவரே முன்கூட்டிக் கட்ட வேண்டும் என்பது அவர் திட்டம். கடிதத்தைச் சுமந்து செல்லும் செலவு மிகக் குறைவு. ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டு வாசலில் நின்று பணம் வாங்குவதுதான் பெருஞ்செலவு என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

எழுதத் தெரியாதவருக்காகப் பிறந்த பசை

இங்கேதான் நமக்கு வேண்டிய செய்தி வருகிறது. ஹில் முதலில் பெரிதாக நம்பியது ஒட்டும் தபால் தலையை அன்று. கட்டணம் முன்பே அச்சிடப்பட்ட உறைகளையும் தாள்களையும்தான் அவர் நம்பினார். அவற்றை வாங்கி, முகவரி எழுதி, பெட்டியில் போட்டுவிட வேண்டியதுதான்.

ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. வேறொருவர் எழுதிக் கொடுத்த கடிதத்தை ஒருவர் தபால் நிலையத்துக்குக் கொண்டுவருகிறார். அவருக்கு எழுதத் தெரியாது. அச்சிட்ட உறையை வாங்கினாலும் அதில் முகவரியை யார் எழுதுவது? 1837 பிப்ரவரியில் அரசாங்கத்தின் விசாரணைக் குழு முன் ஹில் இதற்கு ஒரு வழி சொன்னார். கட்டண முத்திரை மட்டும் கொள்ளும் அளவுக்கு ஒரு துண்டுக் காகிதம் போதும், அதன் பின்புறம் பசை தடவியிருந்தால் சிறிது ஈரப்படுத்தி ஏற்கெனவே முகவரி எழுதிய கடிதத்தின் மேலேயே ஒட்டிவிடலாம் என்றார்.

நேயர்களே, இதைச் சற்றே நிதானித்துப் பார்க்க வேண்டும். உலகெங்கும் கோடிக்கணக்கில் அச்சாகப் போகும் ஒரு பொருள், எழுதத் தெரியாத ஒருவருக்கு உதவும் மாற்று வழியாக முதலில் சொல்லப்பட்டது.

நம் நாட்டு வரலாற்றோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத்துக் கிராணியாரிடமோ, நாலெழுத்துப் படித்த அண்டை வீட்டாரிடமோ சொல்லி எழுதினார்கள். "இங்கு யாவரும் சுகம், அங்குள்ள சுகத்துக்குப் பதில் போடவும்" என்று முடியும் அந்தக் கடிதங்களில் தலையை ஒட்டுவது மட்டும் அவர்களே செய்யக்கூடிய வேலையாக இருந்தது. 1837இல் லண்டனில் யோசித்துச் சொன்ன வழி, எங்கோ ஒரு லயத்து வீட்டில் வாழ்ந்தவருக்கும் பயன்பட்டது.

ஓரத்தில் அச்சிட்ட எச்சரிக்கை

1840 மே மாதம் 6ஆம் தேதி முதல் உலகின் முதல் ஒட்டும் தபால் தலை செல்லுபடியானது. விக்டோரியா மகாராணியின் முகம் பொறித்த கறுப்பு நிறத் தலை. "பென்னி பிளாக்" என்று இன்றும் பெயர் சொல்லி அழைக்கப்படுவது அதுதான். பெர்க்கின்ஸ், பேக்கன் அண்ட் பெட்ச் என்ற நிறுவனம் அச்சிட்டது. ஒரு தாளில் 240 தலைகள். ஒரு பவுனுக்கு 240 பென்னி என்பதால் ஒரு முழுத்தாள் ஒரு பவுன்.

அந்தத் தாளின் ஓரத்தில் பயனீட்டாளர்களுக்குக் குறிப்பு அச்சிட்டிருந்தார்கள். தலையை முகவரிக்கு மேலே வலப்பக்கமாக ஒட்டுங்கள், பின்புறத்தை ஈரப்படுத்தும்போது பசையைத் துடைத்து எடுத்துவிடாமல் கவனமாக இருங்கள் என்று அதில் இருந்தது. அதற்கு முன் யாரும் அப்படியொரு பொருளைக் கையாண்டதில்லை; ஆகவே சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. வலப்பக்க மூலையில் தலையை ஒட்டும் நம் வழக்கம் அன்று தொடங்கியது.

அந்தப் பசை உருளைக்கிழங்கு மாவு, கோதுமை மாவு, வேலம்பிசின் ஆகியவற்றைக் கலந்து செய்யப்பட்டது. நம் வீடுகளில் மைதாவைக் காய்ச்சிப் பசை செய்து பட்டத்துக்கும் புத்தக அட்டைக்கும் தடவுவார்களே, ஏறக்குறைய அதே குடும்பம்தான். பிற்காலத்தில் வேலம்பிசின் பெரிதும் பயன்பட்டது. ஆப்பிரிக்காவின் சூடான் நாட்டு வேல மரங்களிலிருந்து வடியும் பிசின் இதற்குப் பெயர் பெற்றது.

ஹில் பெரிதும் நம்பிய அச்சிட்ட உறைகள் என்னவாயின? ஓவியர் முல்ரெடி வரைந்த ஆடம்பரமான படத்தோடு வெளியான அவற்றை மக்கள் கேலி செய்து தள்ளினார்கள். அரசாங்கம் அவற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இரண்டாம் வழியாகச் சொல்லப்பட்ட பசைத் தலையே வென்றது. 1839இல் ஏறத்தாழ 7 கோடியே 60 இலட்சமாக இருந்த பிரிட்டனின் கடிதங்கள், 1840இல் ஏறத்தாழ 16 கோடியே 90 இலட்சமாக உயர்ந்தன. ஒரே கட்டணம், குறைந்த கட்டணம், எளிதில் ஒட்டும் தலை என்ற மூன்றும் சேர்ந்த பலன் அது.

வெயிலும் ஈரமும்

குளிர் நாட்டில் பிறந்த இந்தப் பசை வெப்ப நாடுகளுக்கு வந்தபோது திண்டாடியது. ஆசியாவின் முதல் தபால் தலை 1852இல் சிந்து மாகாணத்தில் பார்ட்டில் ஃபிரியர் என்ற ஆங்கிலேய அதிகாரி வெளியிட்ட "சிந்து டாக்". வட்ட வடிவம் கொண்டது. அதன் ஒரு வகையைச் சிவப்பு அரக்கு வில்லையில் பதித்தார்கள். அது எளிதில் நொறுங்கிப் போனது. பிறகு காகிதத்துக்கு மாறினார்கள். அந்தச் சிவப்பு வில்லைகள் இன்று மிக அரிதாகவே கிடைக்கின்றன.

நம் பகுதிக்கு வருவோம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்கள் அப்போது இந்தியாவிலிருந்து ஆளப்பட்டன. ஆகவே 1854 முதல் இங்கே இந்தியத் தபால் தலைகளே புழங்கின. 1867 ஏப்ரலில் இந்தக் குடியேற்றங்கள் லண்டனின் நேரடி ஆட்சிக்குக் கீழ் வந்தன. செப்டம்பரில் சொந்தத் தலை வந்தது. அதுவும் எப்படி? இந்தியத் தலைகளின் மேலேயே ஒரு கிரீடத்தையும் சென்ட் விலையையும் அச்சடித்து ஒப்பேற்றினார்கள். அந்த ஆண்டின் கடைசியில்தான் தனியாக வடிவமைத்த தலைகள் வந்து சேர்ந்தன.

இங்குள்ள ஈரக்காற்று பசையைச் சும்மா விடுவதில்லை. மழைக்காலத்தில் தபால் தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். இது வெப்ப நாட்டின் தொல்லை மட்டும் அன்று. அமெரிக்காவில்கூட 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோடைக்குக் கெட்டியான பசை, குளிர்காலத்துக்கு இளகிய பசை என்று இரண்டு வகை தயாரித்தார்கள். கோடைப் பசை சீக்கிரம் ஈரத்தை இழுக்காது. குளிர்காலப் பசை வறண்டு வெடிக்காது. சீனா போன்ற சில நாடுகள் பசையே இல்லாத தலைகளை வெளியிட்டதும் உண்டு. வாங்குகிறவர் கோந்து தடவி ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

சேகரிப்பவர்கள் வந்தார்கள்

தபால் தலை வந்த மறு ஆண்டே அதைச் சேர்க்கிறவர்களும் வந்துவிட்டார்கள். 1841இல் லண்டன் "டைம்ஸ்" பத்திரிகையில் ஒரு விளம்பரம். தன் ஒப்பனை அறைச் சுவர் முழுவதும் பயன்படுத்திய தபால் தலைகளை ஒட்ட விரும்பும் ஓர் இளம்பெண், நண்பர்கள் உதவியால் 16,000 தலைகள் சேர்த்துவிட்டதாகவும் இன்னும் வேண்டும் என்றும் கேட்டிருந்தார். இன்று அந்தச் சுவர் கிடைத்தால் அதன் மதிப்பைக் கணக்கிட்டு முடியாது!

பொழுதுபோக்கு மெல்ல மெல்ல ஒரு துறையாக வளர்ந்தது. பிரான்சில் ஜார்ஜ் ஹெர்பின் என்பவர் 1864இல் "ஃபிலாட்டெலி" என்ற சொல்லை உருவாக்கினார். கிரேக்க மொழியில் அன்பு என்பதையும், கட்டணம் இல்லாதது என்பதையும் குறிக்கும் சொற்களைச் சேர்த்த சொல் அது. தலை ஒட்டிய கடிதத்தைப் பெறுகிறவர் கட்டணம் கட்ட வேண்டியதில்லை அல்லவா? வாசலில் நின்று பணம் கேட்ட காலம் முடிந்துபோனது இந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது.

ஆரம்பகாலச் சேகரிப்பாளர்கள் பசையை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. தலைகளை நேரே ஏட்டில் கோந்து போட்டு ஒட்டினார்கள். ஓரங்களைக் கத்தரித்தார்கள். காகிதத்தின் உள்ளே இருக்கும் நீர்க்குறியைப் பார்க்க வேண்டும் என்றால் பசையைக் கழுவிவிட்டார்கள். பிறகு ஒட்டிப் பிரிக்கக்கூடிய சிறு மடிப்புக் காகிதங்கள் வந்தன. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் ஏட்டில் தலைகளைத் தொங்கவிட்டது இந்த மடிப்புகளில்தான்.

பசைக்கு வந்த மவுசு

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காற்று திசை மாறியது. மடிப்புக் காகிதம் படாத, பசை சிறிதும் கலையாத தலைக்கே கூடுதல் விலை என்ற நிலை வந்தது. முகம் ஒன்றுதான், அச்சு ஒன்றுதான், ஆண்டு ஒன்றுதான். ஆனால் முதுகில் ஒரு சிறு தழும்பு இருந்தால் விலை பாதியாகக்கூட இறங்கிவிடும்.

விலை ஏறும் இடத்தில் மோசடி நுழையாமல் இருக்குமா? பசை போன பழைய தலைகளுக்குப் புதிதாகப் பசை தடவி விற்கத் தொடங்கினார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அச்சகத்தில் முதலில் பசை தடவிக் காயவைத்து, பிறகே ஓரத்தில் துளையிடுவார்கள். ஆகவே தலையைப் பிய்த்தெடுக்கும்போது பற்களின் நுனியில் காகித இழைகள் பஞ்சுபோல மென்மையாக நிற்கும். துளையிட்ட தலைக்குப் பின்னால் பசை தடவினால் அது பற்களின் நுனிவரை வழிந்து இழைகளை விறைக்க வைத்துவிடும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

பசையின் மேல் வைத்த இந்த மோகத்துக்கு ஜெர்மனியில் ஒரு சோதனை வந்தது. 1935இல் கோனிக்ஸ்பெர்க் நகரில் நடந்த "ஓஸ்ட்ரோபா" தபால் தலைக் கண்காட்சிக்காக ஒரு சிறப்புத் தாள் வெளியிட்டார்கள். அதன் பசையில் கந்தக அமிலம் கலந்திருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த அமிலம் காகிதத்தையே அரித்துப் பழுப்பாக்கியது. ஆகவே பசையைக் கழுவி எடுத்துவிடுங்கள் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னார்கள். பசை இருந்தால்தான் மதிப்பு என்ற உலகத்தில், பசையை எடுத்தால்தான் தலை பிழைக்கும் என்ற நிலை!

நாவுக்கு ஓய்வு

ஈரம் தொடாமலே ஒட்டும் தலை 1964இல் வந்தது. அதை முதலில் வெளியிட்ட நாடு ஆப்பிரிக்காவின் சியரா லியோன். தன் நாட்டு வரைபடத்தின் வடிவிலேயே தலையை வெட்டி, பின்னால் உரித்தெடுக்கும் தாளோடு வெளியிட்டது. அமெரிக்கா 1974இல் கிறிஸ்துமஸ் தலை ஒன்றில் இதைச் சோதித்துப் பார்த்தது. அந்தப் பசை நாளடைவில் காகிதத்துக்குள் ஊறி, தலையின் முகத்திலேயே கறையாகத் தெரிந்தது. ஆகவே பல ஆண்டுகள் அதைக் கைவிட்டார்கள். பின்னர் பசையைத் திருத்தி மீண்டும் கொண்டுவந்தார்கள். இன்று பல நாடுகளில் உரித்து ஒட்டும் தலைகளே பெருவழக்கு.

இதில் சேகரிப்பாளர்களுக்கு ஒரு சங்கடம். பழைய தலையை வெதுவெதுப்பான நீரில் கால்மணி நேரம் ஊறவைத்தால் தானே கழன்றுவிடும். உரித்து ஒட்டும் தலைகள் பலவும் அப்படிக் கழல்வதில்லை. இழுத்தால் கிழியும், ஊறவைத்தால் கூழாகும். ஆகவே உறையின் காகிதத்தோடு சேர்த்து வெட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று இன்று அறிவுரை சொல்கிறார்கள். பசையே சேகரிப்பாளரிடம் "என்னைப் பிரிக்காதே" என்று சொல்வதுபோல் இருக்கிறது.

பிரிக்கலாமா, கூடாதா?

நேயர்களே, இன்றைய உரையின் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். நம் வீடுகளில் அலமாரியின் அடியிலோ, பழைய பிஸ்கட் டின்னிலோ, தாத்தா பாட்டி காலத்துக் கடிதங்கள் இன்னும் இருக்கலாம். அவற்றைப் பார்த்தவுடன் பலருக்கும் தோன்றுவது தலையை மட்டும் கிழித்தெடுக்கலாமே என்பதுதான். உறை குப்பைக்குப் போகும், தலை ஏட்டுக்குப் போகும்.

அந்தத் தலை ஆயிரக்கணக்கில், இலட்சக்கணக்கில் அச்சான ஒன்று. பெரும்பாலும் அதற்குச் சில காசுகள்கூடப் பெறாது. ஆனால் அந்த உறை ஒன்றே ஒன்று. அதில் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று முகவரி இருக்கிறது. எந்த ஊர்த் தபால் நிலையத்தில் எந்த நாளில் முத்திரை குத்தினார்கள் என்று இருக்கிறது. ஜப்பானியர் காலத்தில் மலாயாத் தலைகளின் மேல் "டாய் நிப்பொன் 2602" என்று அச்சடித்தார்கள். அது ஜப்பானிய நாட்காட்டிப்படி 1942ஆம் ஆண்டு. அப்படியொரு தலை தனியே கிடந்தால் அது ஒரு காகிதத் துண்டு. முத்திரையோடும் முகவரியோடும் ஓர் உறையில் இருந்தால், அந்த இருண்ட காலத்தில் யாரோ ஒருவர் யாரோ ஒருவரைத் தேடியதற்கு அது சாட்சி.

நீரிணைக் குடியேற்றங்களில் புழங்கிய பழைய இந்தியத் தலைகளை ஆய்வாளர்கள் எப்படி அடையாளம் காண்கிறார்கள் தெரியுமா? தலையின் படத்தை வைத்து அல்ல. படம் கல்கத்தாவிலும் ஒன்றுதான், பினாங்கிலும் ஒன்றுதான். மேலே விழுந்த முத்திரையின் எண்ணை வைத்துத்தான். "பி 172" என்றால் சிங்கப்பூர், "பி 147" என்றால் பினாங்கு, "பி 109" என்றால் மலாக்கா. புதுத்தலைக்கு இல்லாத மதிப்பை, அழுக்கு என்று நினைக்கக்கூடிய அந்த மை கொடுக்கிறது.

உலகின் மிகப் பெயர்பெற்ற தலை ஒன்றைப் பாருங்கள். 1856இல் பிரிட்டிஷ் கயானாவில் வெளியான ஒரு சென்ட் தலை. லண்டனிலிருந்து வரவேண்டிய தலைகள் வந்து சேராததால் உள்ளூர் அச்சகத்தில் அவசரமாக அடித்தது. நான்கு மூலைகளும் வெட்டுப்பட்டது, மேலே முத்திரையும் தபால் ஊழியரின் கையொப்ப எழுத்தும் விழுந்தது. 1873இல் 12 வயதுப் பையன் ஒருவன் தன் உறவினரின் பழைய காகிதங்களில் கண்டெடுத்து ஆறு ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான். 2014இல் அது ஏறத்தாழ 95 இலட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. 2021இல் 83 இலட்சம் டாலருக்குக் கைமாறியது. பசை கலையாத முதுகு என்ற கணக்கெல்லாம் அதனிடம் செல்லுபடியாகாது. ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது, அதற்கென்று ஒரு கதை இருக்கிறது. மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

தோட்டத்துக் கடிதங்களும் அப்படித்தான். அவற்றுக்கு ஏலத்தில் விலை கிடைக்காமல் போகலாம். ஆனால் நம் சமூகத்தின் கதையை மற்றவர் எழுதிய அறிக்கைகளிலிருந்து மட்டும் படித்துக்கொண்டிருக்கும்போது, நம்மவர் தம் வாயால் சொல்லி எழுதுவித்த சான்றுகள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன? நீல நிற விமானக் கடிதத் தாளை நினைத்துப் பாருங்கள். மூன்று பக்கமும் பசை. அவசரமாகப் பிரித்தால் கடைசி வரி கிழிந்துபோகும். அந்தக் கடைசி வரியில்தான் பெரும்பாலும் முக்கியமான செய்தி இருக்கும்!

என்ன செய்யலாம்?

வீட்டில் பழைய கடிதங்கள் இருந்தால் தலையைப் பிரிக்காதீர்கள். உறையோடு வையுங்கள், உள்ளே இருக்கும் கடிதத்தையும் அதே உறையில் வையுங்கள். ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள். அது உருகி ஒட்டிக்கொள்ளும். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை காலப்போக்கில் மஞ்சளாகிக் காகிதத்தைக் கெடுத்துவிடும். ஈரத்தை இழுக்கும் சிலிக்கா சிறு பொட்டலங்களைப் பெட்டிக்குள் போட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள். தபால் தலை ஏடுகளைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல் நிறுத்தி வையுங்கள். பாரம் விழுந்தால் நம் ஈரக்காற்றில் பசை இளகி ஏட்டோடு ஒட்டிவிடும்.

பிள்ளைகள் தலை சேர்க்க ஆசைப்பட்டால் தாராளமாகச் சேர்க்கட்டும். இப்போது வரும் சாதாரண உறைகளின் தலைகளை வெட்டி ஊறவைத்துப் பழகட்டும். ஆனால் பாட்டிக்கு வந்த கடிதத்தைக் கையில் எடுத்தால், முதலில் யார் எழுதியது, எங்கிருந்து வந்தது, என்ன முத்திரை என்று அவர்களோடு உட்கார்ந்து படியுங்கள். படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே படித்துவிட வேண்டும். அந்தக் கையெழுத்தையும் வட்டார வழக்கையும் பிறகு யார் சொல்லித் தருவார்கள்?

எழுதத் தெரியாத ஒருவரின் கடிதமும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அந்தப் பசை வந்தது. ஊரையும் உறவையும் அது ஒட்டி வைத்தது. ஒட்டியதை அவசரப்பட்டுப் பிரிக்காமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது இனி நம் கையில் இருக்கிறது.